விலாவுக்குள் ஓடிய காற்று

எண்பத்து நாலாம் வருஷம் ஐப்பசி அடைமழையில், வசந்தாமணியின் எட்டு மாதப் பெண் கலாமணிக்கு மூன்றாம் முறையாகச் சளி கட்டிக்கொண்டது. புருஷன் செங்கோட்டையன் சங்ககிரியில் லாரி டிரைவர். பம்பாய்க்கு லோடு ஏற்றிப் போனவன் திரும்ப இன்னும் பத்து நாளாகும். குழந்தை பாலுக்கு வாய் வைப்பதும் விடுவதுமாக இருந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. அதைப் பார்த்தவள் யாரையும் கேட்கவில்லை. குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சேலம் பஸ் ஏறிவிட்டாள்.

அஸ்தம்பட்டியில் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா, சட்டையைக் கழற்றச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் மூச்சை எண்ணினார்.

“அறுபத்தெட்டு. நுரையீரல்ல சளி இறங்கியிருக்கு. இங்கேயே தங்கி ஊசி போடணும்,” என்றவர், “வீட்டுல குழந்தையை எங்கேம்மா தூங்க வைப்பே?” என்று கேட்டார்.

“சமையக்கட்டுலதானுங்க. உத்தரத்துல தூளி கட்டியிருக்கறனுங்க. அடுப்புப் பக்கம் கதகதன்னு இருக்கும், எங்கண்ணு முன்னால இருப்பாள்னு.”

“என்ன எரிக்கிறே?”

“பருத்திமாருங்க, பறிச்சு முடிஞ்ச செடிக் குச்சி. மழையில நனஞ்சு கெடக்குது. ஊதி ஊதித்தான் பத்துதுங்க.”

“ஜன்னல்?”

“இல்லீங்க. ஓட்டுச் சந்துல பூந்துதான் பொகை போவோணும்.”

டாக்டரம்மா திட்டவில்லை. தன் காதிலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து அவள் காதில் மாட்டி, குழந்தையின் இடது முதுகில் அதன் வட்டத்தை வைத்தார்.

வசந்தாமணி அசையாமல் நின்றாள். கம்பங்காட்டில் காற்று புகுந்து போவது போல் ஒரு சத்தம் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஒரு சாண் முதுகுக்குள் அத்தனை பெரிய காற்றா? தன் வயிற்றில் பத்து மாதம் கிடந்த உயிருக்குள் இப்படியொரு வெளி இருப்பது அவளுக்குத் தெரியாது. டாக்டரம்மா வட்டத்தை வலப்பக்கம் நகர்த்தினார். அங்கே காற்று ஓடவில்லை. உப்பை வாணலியில் போட்டது போல் படபடவென்று பொரிந்தது.

“சளியோட பொகையும் சேந்திருக்கு. சின்ன நெஞ்சு, தாங்காது,” என்றார் டாக்டரம்மா.

ஐந்து நாள் ஊசி போட்டார்கள். ஆறாம் நாள் கலாமணி தாயின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள்.

வீடு திரும்பியதும் வசந்தாமணி குழந்தையைப் பக்கத்து வீட்டுக் கந்தம்மாளிடம் கொடுத்துவிட்டு அடுப்பை மூட்டினாள். கீழே உட்கார்ந்திருந்த வரைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு முக்காலியைப் போட்டு ஏறி, தூளி தொங்கும் உயரத்துக்குத் தலையைக் கொண்டுபோனாள். கண் எரிந்தது. இரண்டு மூச்சுக்கு மேல் முடியவில்லை. புகையெல்லாம் மேலேறி அங்கேதான் குந்தியிருந்தது. தூளிக் கயிறு கையில் கரியாய் ஒட்டியது. தரையில் பூச்சி பொட்டு கடிக்குமென்று பயந்து, பிள்ளையை இந்த உயரத்தில் தானே படுக்க வைத்திருக்கிறாள்.

இறங்கித் தூளியை அவிழ்த்து முன்வாசலறையில் கட்டினாள். கடப்பாரையை எடுத்து, அடுப்புக்கு மேலே மண்சுவரில் இடிக்க ஆரம்பித்தாள்.

“கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?” என்று ஓடிவந்தாள் கந்தம்மாள், குழந்தை இடுப்பில் இருக்க. “ஆம்பள இல்லாத நேரத்துல செவுத்த இடிக்கறயே!”

“அவரு வாரதுக்குள்ள இன்னும் எத்தன வேள சமைக்கோணும்க்கா,” என்றாள் வசந்தாமணி, கையை நிறுத்தாமல்.

முறம் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. உள்ளே தேங்கிய புகை ஒரு கணம் தயங்கிற்று. பிறகு பெரிய வடம் போல் முறுக்கிக்கொண்டு, அந்த வழியாக வெளியே போனது. போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பெண்களும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாலாம் நாள் வந்த செங்கோட்டையன் ஓட்டையைப் பார்த்தான். “ஏம்புள்ள, ஆரு இடிச்சது?”

“நாந்தானுங்க.”

அவன் நின்று புகை போகும் வழியை அண்ணாந்து பார்த்தான். மறுநாள் காலையில் சாரல் அடிக்காமல் மேலே ஒரு தகரம் வைத்துப் பூசினான்.

அடுத்த ஐப்பசியிலும் அதே அடைமழை. கலாமணிக்கு ஒருமுறை சளி பிடித்தது, நாலு நாளில் விட்டது. மழை வெறித்த ஒரு மத்தியானம், கந்தம்மாள் வந்து கடப்பாரையை இரவல் கேட்டாள்.