பசுவின் காதில் பிள்ளையார் சுழி

வேதா மாமி போனில் படபடவென்று பொரிந்துவிட்டு வைத்துவிட்டார்.

"ரோஹிணி, நீ வரைஞ்சதுன்னு காட்டினியே, அந்தப் பசுவும் கன்னும் கேம்ப் ரோடு பிரஸ் ஆல்பத்துலயே இருக்கு. காப்பி அடிச்ச படத்தை எங்காத்து கிரகப்பிரவேசப் பத்திரிகைல போட முடியாதும்மா."

காப்பியாம்! மூன்று வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்து வரைந்த படம். கல்யாணம், கிரகப்பிரவேசப் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. திருடி என்று பெயர் வாங்கிக்கொண்டு சேலையூரில் இனி யார் முகத்தில் விழிப்பது? வந்த கோபத்தில் ஹெல்மெட்டைக்கூட மறந்து அந்த பிரஸ்ஸுக்கே ஸ்கூட்டியை விட்டேன்.

பிரஸ் முதலாளி ஹேமநாத் அண்ணனுக்கு என்னைத் தெரியும். ஆறு மாதம் முன்பு இதே படத்தை சாம்பிளாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான். இப்போது அது வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் பத்திரிகை மாதிரி ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருந்தது. குளம்புக்குக் கீழே நான் போட்டிருந்த பெயரை மட்டும் காணோம்.

"இது என் படம்ண்ணா."

"இன்னாம்மா நீ, நெட்ல கீது, எடுத்தோம். நெட்ல கீறது அல்லாருக்கும் பொதுதானே?"

"கண்ணுல படறதெல்லாம் பொதுவாயிடுமா? வரைஞ்சவங்களுக்குத்தான் சொந்தம்."

"ரிஜிஸ்டர் பண்ணிக்கீறியா? பேப்பர் காட்டு."

"கட்டாயம் இல்லைண்ணா. வரைஞ்சதுமே உரிமை வந்துடும். ரிஜிஸ்டர் பண்ணா ஒரு சாட்சி, அவ்ளோதான்."

"பசுவும் கன்னும் உன்னுதா? அல்லார் வூட்டுப் பத்திரிகையிலயும் கீது."

"பசுவை யாரு வேணா வரையட்டும். நான் வரைஞ்ச இந்தப் பசு என்னுது."

அவர் சிரித்தார். எனக்கு உச்சி மண்டை சூடேறியது. ஆல்பத்தைப் பிடுங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். எந்தப் படத்தைத் தொடங்கினாலும் பேனா முதலில் படும் இடத்தில் பொடியாக ஒரு பிள்ளையார் சுழி போடுவது என் வழக்கம். இந்தப் படத்தில் அது பசுவின் காதுக்குள். அப்படியே இருந்தது.

"என் பேரை அழிச்சீங்களே, காதுல இருக்கிற சுழியை ஏன் விட்டீங்க?"

"அதைப் போயி அழிப்பாங்களாம்மா? தொழில் வெளங்குமா? நான் பேரை மட்டுந்தான்..."

பாதியில் வாயை மூடிக்கொண்டார். நெட்டில் கிடைத்த கதை அத்தோடு முடிந்தது.

"சரி, இன்னா வேணும்? கேஸ் கீஸுன்னு பேஜார் பண்ணாதம்மா."

"ஆல்பத்துலேர்ந்து எடுங்க. படம் ரோஹிணியோடது, கேக்காம பேரை அழிச்சுட்டுப் போட்டேன்னு வேதா மாமிக்கு உங்க கையால எழுதிக் குடுங்க. இனிமே வேணும்னா கேட்டு, எழுத்துல ஒப்பந்தம் போட்டு வாங்குங்க."

முறைத்தார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடிதத்தை வாங்காமல் நகர்வதாக இல்லை.

ஒருவழியாக லெட்டர்பேடை எடுத்தார். எழுதிவிட்டு மனசு மாறிக் கிழித்துப்போடுவாரோ என்று எனக்கு உள்ளூரப் பயம். அவர் பழக்கதோஷத்தில் தாளின் தலையில் முதலில் ஒரு பிள்ளையார் சுழி போட்டார்.

எனக்கு மூச்சு வந்தது. இனி அந்தத் தாளை அவர் கிழிக்க மாட்டார்.