நாலாம் மாடிக் கதவு

எல்லாருக்கும் வணக்கம். நல்லா இருக்கீங்களா? முட்டிவலியெல்லாம் இப்ப தேவலாமா? பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க சௌக்கியமா? சரி, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு சாவகாசமா உக்காருங்க. நாலாம் மாடியில ஒரு வீட்ல நடந்தத சொல்றேன்.

அந்த வீட்டு சமையக்காரம்மா தரை தொடைச்சுக்கிட்டு இருந்தாங்க. மாப்பு இருக்கு, ஆனா மூலைமுடுக்குல அது போகாதுன்னு மேடம் துணியாலதான் தொடைக்கச் சொல்லுவாங்க. அதனால முட்டி போட்டு, பினாயில் வாளிய பக்கத்துல இழுத்துக்கிட்டே, சோபாவுக்கு அடியில கைய விட்டு தொடைச்சுக்கிட்டு இருந்தாங்க. சோபா மேல சார். கார் இடிச்சதுல கால் முறிஞ்சு, தொடையில இருந்து பாதம் வரைக்கும் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட கால ஸ்டூல் மேல நீட்டி வச்சு, மடியில லேப்டாப்ப வச்சுக்கிட்டு ஆபீஸ்காரங்களோட ஒரே சண்டை.

வீட்ல இருந்து வேலை பாத்தா நாள் முழுக்க கேமராவ போட்டு வைக்கணுமாம். எந்திரிச்சுப் போனா எங்க போனேன்னு கேப்பாங்களாம். சாருக்கு வந்துச்சே கோவம். "நான் என்ன கைதியா? ஒரு மனுஷன நம்பாம இப்படிக் கட்டிப்போட உங்களுக்கு யார் உரிமை குடுத்தது?" அப்படின்னு போன்ல கத்தினார். சமையக்காரம்மா அவர் கால தூக்கிப் பிடிச்சு, ஸ்டூல நகத்தி, அடியில தொடைச்சிட்டு, மறுபடி கால எடுத்து வச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

இந்தம்மா அந்த வீட்லயே தங்கி வேலை செய்யறவங்க. அடுப்படிக்குப் பின்னால துணி காயப்போடற இடத்துல படுக்கை. ஒரே ஒரு மக, அதே ஊர்லதான் இருக்கா, நிறைமாசம். மருமகன் லாரியோட போனா எப்ப வருவார்னு அவருக்கே தெரியாது. அதனால மக ஞாயித்துக்கிழமை ஆனா எதிர்ல பஸ் ஸ்டாப்புல வந்து நிப்பா. மேல ஏறி வரக்கூடாது, மேடத்துக்குப் பிடிக்காது. அம்மா ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு மேல இருந்து பாப்பாங்க. மக பக்கவாட்டுல திரும்பி நின்னு வயித்தக் காட்டுவா. எவ்வளவு பெருசாயிருக்கு பாத்தியான்னு. அப்புறம் பஸ்ஸு வந்து மறைச்சுடும்.

ஏன் கீழ போய்ப் பாக்கலாமேன்னு கேப்பீங்க. வெளிய பூட்டியிருக்கும்மா. முன்னால வேலைக்கு இருந்த பொண்ணு ஒரு நாள் சொல்லாம கொள்ளாம கிளம்பிப் போயிட்டா. அதுல இருந்து ரெண்டு பேரும் வெளிய போனா பூட்டிட்டுதான் போவாங்க. ஞாயித்துக்கிழமையும் கடை கண்ணின்னு கிளம்பிடுவாங்க. போன் கூட பகல்ல மேடம் கைப்பையிலதான், ராத்திரி ஒரு தடவ குடுப்பாங்க. வலி வந்தா மககிட்ட ஓடணும், ஒரு சாவி குடுங்கன்னு இந்தம்மா ஒரு தடவ கேட்டாங்க. உங்க பாதுகாப்புக்குதானே பூட்டறோம்னு மேடம் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டாங்க. வேலைய விட்டுட்டுப் போகலாம்தான். எங்க போறது? மக இருக்கிறது ஒரே ரூம், அதுலயும் பாதிக்கு மருமகனோட ஸ்டெப்னி டயரு.

சரி, விஷயத்துக்கு வரேன். சார் அடிபட்டுப் படுத்ததுல இருந்து மேடம் லீவு போட்டு கூடவே இருந்தாங்க. நான் சொன்ன அந்தத் தரை தொடைச்ச அன்னிக்குதான் முதல் முதலா மறுபடி வேலைக்குப் போனாங்க. சாருக்கு மாத்திரை, தண்ணி எல்லாம் கைக்கெட்டற தூரத்துல வச்சாங்க, நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க, கிளம்பினாங்க.

மதியம் சோறு வடிக்கும்போது ஒரு கருகல் வாடை. சமையக்காரம்மா அடுப்ப அணைச்சாங்க. வாடை போகல. ஃபேன் நின்னுச்சு. மாடிப்படியில தடதடன்னு ஆளுங்க இறங்கற சத்தம். எதிர் வீட்டுக்காரர் கதவ தட்டி, கீழ மீட்டர் பெட்டி எரியுது, லிஃப்டுல போகாதீங்க, சீக்கிரம் இறங்குங்கன்னு சொல்லிட்டு அவர் பிள்ளைய தூக்கிக்கிட்டு ஓடிட்டார்.

சார் லேப்டாப்ப மூடினார். ஊனிக்கிற கட்டைய கக்கத்துல வச்சு எந்திரிச்சார். கதவத் தொறங்கன்னு சொன்னார்.

சமையக்காரம்மா அசையல. "வெளிய பூட்டியிருக்கு சார்."

"உள்ள இருந்து தொறங்க."

"உள்ள இருந்தும் சாவி போட்டாதான் தொறக்கும். நீங்கதான சார் ஆள வரவச்சு மாத்தினீங்க."

சார் அவங்களப் பாத்தார், கதவப் பாத்தார். அவரோட சாவி கார் சாவியோட ஒரே கொத்துல, கார் ஒர்க் ஷாப்புல. மேடத்துக்குப் போன் பண்ணினார். அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, எடுக்கல. மறுபடி பண்ணினார். கதவுக்கு அடியில புகை சாம்பல் கலர்ல நாக்கு நீட்டற மாதிரி வந்துச்சு. இந்தம்மா பெட்ஷீட்ட உருவி, வாளித் தண்ணியிலயே முக்கி, கதவுச் சந்துல அடைச்சாங்க. அதே பினாயில் தண்ணி. அப்புறம் ஜன்னலுக்குப் போய், "வாட்ச்மேன் அண்ணே, உள்ள மாட்டிக்கிட்டோம்"னு தொண்டை கிழியக் கூப்பிட்டாங்க. கீழ கூட்டம் பேசற பேச்சுல யார் காதுலயும் விழல.

சார் கட்டையால கதவ இடிச்சார். மாவுக்கட்டுக் கால் தாங்கல, அப்படியே சுவத்துல சரிஞ்சு தரையில உக்காந்துட்டார். இருமல். அவர் மூஞ்சிய இந்தம்மா தன் ஈர முந்தானையால மூடினாங்க.

இருமலுக்கு நடுவுல கேட்டார். "தினமும் அவ பூட்டிட்டுதான் போறாளா?"

"அவங்க கடைசியா போனா அவங்க பூட்டுவாங்க சார். நீங்க கடைசியா போனா நீங்க பூட்டுவீங்க."

சார் முந்தானைய விலக்கினார். அப்புறம் இந்தம்மா கைய கெட்டியா பிடிச்சுக்கிட்டார். "வெளிய போனதும் முதல் வேலை, உங்களுக்கு ஒரு சாவி. சத்தியமா."

சமையக்காரம்மா கைய விடுவிச்சுக்கிட்டு மறுபடி ஜன்னலுக்குப் போனாங்க. இந்தத் தடவ கூப்பிடல. அலமாரியில இருந்து எவர்சில்வர் தட்டுங்கள எடுத்து ஒண்ணொண்ணா கம்பிச் சந்துல வெளிய விட்டாங்க. மூணாவது தட்டு தரையில விழுந்து போட்ட சத்தத்துல எல்லாரும் அண்ணாந்து பாத்தாங்க.

வாட்ச்மேன் மூஞ்சியில துண்டக் கட்டிக்கிட்டு கடப்பாரையோட ஏறி வந்தார். கதவு மரத்தோட சேத்து பூட்டப் பேத்தார். சார பிளாஸ்டிக் நாற்காலியில உக்காரவச்சு, கட்டைங்கள அவர் மடியில குடுத்து, முன்னால வாட்ச்மேன், பின்னால இந்தம்மா, ஒவ்வொரு படியா இறக்கினாங்க. அந்த அவசரத்துலயும் வாட்ச்மேன், "கல்யாண ஊர்வலத்துல கூட இவ்ளோ கனமான மாப்பிள்ளைய நான் தூக்கல"ன்னார். யாரும் சிரிக்கல, மூச்சு இல்ல சிரிக்க.

தெருவுல வந்து நின்னப்பதான் சமையக்காரம்மாவுக்கு உரைச்சுது. பூட்டு இல்லாம வெளிய நிக்கறோம். தீய மண்ணு போட்டு அணைச்சுட்டாங்க. எதிர்ல பஸ் வந்து நின்னுச்சு. மக வீட்டுப் பக்கம் போற பஸ்ஸு. கையில சாரோட கட்டை ரெண்டு. "சார், மகள ஒரு எட்டு பாத்துட்டு ஓடி வந்துடறேன்"னு கேட்டாங்க. சார் சரின்னு சொல்ல வாயக்கூடத் தொறந்தார், நான் பொய் சொல்லல. அதுக்குள்ள சாரோட மிஸ்டு காலப் பாத்துட்டு ஆட்டோவுல மேடம் வந்து இறங்கினாங்க. சாரக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. பூட்டினது நானா, பழக்கத்துல பூட்டிட்டேனே, உங்கள உள்ள வச்சுப் பூட்டிட்டேனேன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அழுது முடிச்சு மேல பாத்தாங்க.

"வீடு தொறந்தா கிடக்கு? அங்க யார் இருக்கா?"

பஸ்ஸு போயிடுச்சு. சமையக்காரம்மா அத்தனை படியும் ஏறி மேல போனாங்க. உடைஞ்ச கதவுக்கு முன்னால சார் கால் வைக்கிற ஸ்டூலப் போட்டு, ஆசாரி வந்து புதுப் பூட்டு போடற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தாங்க. புகை வாடையில தலை சுத்துச்சு. தண்ணி குடிக்க எந்திரிச்சா கதவ யார் பாத்துக்கறது.

புதுப் பூட்டுக்கு மூணு சாவி வந்துச்சு. சாருக்கு ஒண்ணு, மேடத்துக்கு ஒண்ணு, மிச்சம் ஒண்ணு பீரோவுல. ரெண்டு நாள் பொறுத்துப் பாத்துட்டு இந்தம்மா சார்கிட்ட மெதுவா ஞாபகப்படுத்தினாங்க. சார் லேப்டாப்ல இருந்து கண்ண எடுக்காம, மேடம் பயப்படறாங்க, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு, கொஞ்சம் பொறுங்கன்னார். "வலின்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்கம்மா. எந்த மீட்டிங்ல இருந்தாலும் நானே வந்து தொறந்து விடறேன்." எந்தப் போன்ல பண்றதுன்னு அந்தம்மா கேக்கல. வடிகஞ்சிய தொட்டியில ஊத்தப் போனாங்க.

கேமரா சண்டையில சார்தான் ஜெயிச்சார். போட வேணாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஆனா ஒரு நாள் முக்கியமான வேலை, நேர்ல வரணும்னு கூப்பிட்டாங்க. அன்னிக்கு மேடம் முன்னாலயே கிளம்பிட்டாங்க. கீழ டாக்சி ஹாரன் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. மகளுக்கு முந்தின ராத்திரியில இருந்தே இடுப்பு கடுக்குதாம், போன்ல சொல்லியிருக்கா. இந்தம்மா அதையும் சார்கிட்ட சொன்னாங்க. சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன், கண்டிப்பா போயிட்டு வாங்கன்னு சொல்லிக்கிட்டே சார் தோள்ல பைய மாட்டி, ரெண்டு கட்டையையும் ஊனி, வாசப்படிய தாண்டினார். தாண்டும்போது விரல் இடுக்குல இருந்த சாவி நழுவி, வாசப்படிக்கு இந்தப்பக்கம், வீட்டுக்குள்ள விழுந்துச்சு.

சார் குனியப் பாத்தார். மாவுக்கட்டு விடல.

சமையக்காரம்மா குனிஞ்சு எடுத்தாங்க. புதுச் சாவி, பளபளன்னு, கையில வச்சா இன்னும் சூடா இருந்துச்சு. படி காலியா இருந்துச்சு. சார் ஒரு கட்டைய சுவத்துல சாத்திட்டு கைய நீட்டினார். கீழ மறுபடி ஹாரன்.

உள்ளங்கையில வச்சாங்க.

கதவு சாத்திக்கிச்சு. சாவி ரெண்டு சுத்து சுத்தற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பூட்டியிருக்கான்னு சார் வெளிய இருந்து ஒரு தடவ இழுத்துப் பாத்தார்.

உங்க வீட்லயோ, நீங்க வேலை பாத்த இடத்துலயோ சாவி யார் கையில இருந்துச்சு? நடந்தத நடந்தபடியே கீழ எழுதுங்க. எழுத்துப் பிழையெல்லாம் பாக்காதீங்க, நான் பொறுமையா ஒவ்வொண்ணா படிக்கறேன்.