லவீனியாவின் அக்ரூட் அலமாரி

மேற்கே ஒரேகானில் இலவச நிலம் தேடிப் போன கூண்டு வண்டிக் கூட்டம் பிளாட் ஆற்றங்கரைக்கு வந்த பிறகும் லவீனியா கையுறையைக் கழற்றவில்லை. மரமே இல்லாத அந்தச் சமவெளியில் காட்டெருமை போட்டுக் காய்ந்த சாணிதான் விறகு. மற்றப் பெண்களெல்லாம் நடந்துகொண்டே மடியில் அள்ளிச் சேர்த்தார்கள். இவள் மட்டும் இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவதுபோல ஒன்றை எடுத்து, மூக்கைச் சுளித்துக் கீழே போட்டாள். இதைப் பார்க்கவென்றே கெசாயா தன் கூண்டு வண்டியை விட்டு நாலு வண்டி தள்ளி நடந்து வந்தாள்.

போதாக்குறைக்கு அந்த அலமாரி! ஆள் உயரம், அக்ரூட் மரம். அதை ஏற்றிய அவள் வண்டியை இழுத்து இழுத்து மாடுகளுக்கு விலா எலும்பு தெரிந்தது. வழிநெடுக ஜனங்கள் இரும்பு அடுப்பையே எறிந்துவிட்டுப் போயிருக்க, இவள் அலமாரிக்குத் தார்ப்பாய் போர்த்தி அழைத்துப் போனாள்.

“ஒரேகான்ல மரத்துக்கா பஞ்சம், லவீனியா? இல்ல, அலமாரிக்கும் சேத்து நெலம் தர்றாங்களா?” என்றாள் கெசாயா.

“எங்க அம்மா குடுத்ததுக்கா.”

“உங்க அம்மாவே வந்திருந்தாக்கூட இவ்வளவு கனம் இருந்திருக்க மாட்டாங்க.”

அதையே அன்று ஒன்பது வண்டியிலும் போய்ச் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு மூன்று நாள் விடாத மழை. சேர்த்த சாணியெல்லாம் கூழாகிவிட்டது. ஒருவர் அடுப்பும் எரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கெசாயாவின் புருஷன் ஓபெட் வாந்திபேதியில் விழுந்தான். நாலாம் நாள் காலையில் மழையும் பேதியும் நின்றன. உடம்பு மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. பச்சைத் தண்ணீர் வயிற்றில் தங்கவில்லை. சூடாக ஏதாவது இறங்கினால் பிழைப்பான். வண்டிப் பலகையை உடைத்தால் அப்புறம் எதில் போவது? அந்த வெட்டவெளிக்கெல்லாம் காய்ந்த மரம் ஒன்றே ஒன்றுதான், தார்ப்பாய்க்குள் இருந்தது.

கெசாயா போய் நின்றாள். “லவீனியா, கண்ணு... ஓபெட்டுக்கு ஒரு வாய் கஞ்சி காய்ச்சணும்.”

லவீனியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “கனமா இருக்குமே, பரவாயில்லையாக்கா?”

கெசாயா தலை குனிந்தாள். அந்தப் பயணத்திலேயே அதுதான் முதல் தடவை.

லவீனியா தார்ப்பாயை விலக்கினாள். இழுப்பறைகளை உருவிக் கீழே போட்டுக் கோடரியை ஓங்கினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

சோளமாவுக் கஞ்சி நாலு கரண்டி இறங்கியது, தங்கியது. ஓபெட்டின் கன்னத்தில் மெல்லச் சூடு ஏறியது.

“அந்தப் பொண்ணா குடுத்துச்சு?” என்றான் ஈனக்குரலில்.

கெசாயா அவன் வாயைத் துடைத்துவிட்டாள். “குடுத்தா, குடுத்தா. கோடரி பிடிக்கத் தெரியுதா அவளுக்கு? பாதிச் சிராய் சேத்துல போச்சு.”