ஹாட்யாயில் நீட்டிய கால்

தேவமலருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சாய்வு நாற்காலியில் படுக்க வேண்டும், யாராவது தன் காலைப் பிடித்துவிட வேண்டும், அதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும்.

மலேசியாவில், நியாலாஸ் தோட்டத்தில் பதினைந்து வயதில் எண்ணெய்க்கான செம்பனைப் பழம் பொறுக்கத் தொடங்கிய கால். பிறகு குருபோங் கையுறைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் நின்ற கால். மாமியார் காலை, புருஷன் காலையெல்லாம் அவள் பிடித்துவிட்டிருக்கிறாள். அவள் காலைத் தொட்டது கிளினிக்கில் தையல் போட்ட டாக்டர் மட்டும்தான்.

மசாஜுக்குப் பேர்போன ஊர் என்று தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு பஸ் ஏறினாள். கூடவே பேக்கிங் பகுதித் தோழிகள் பவானேஸ்வரியும் நூர் ஹிதாயாவும். மூவருக்கும் இதுதான் முதல் வெளிநாடு. ரோமிங் பில்லுக்குப் பயந்து மலாக்காவிலேயே போன்களை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டார்கள்.

காலை ஏழு மணிக்கு இறங்கி வந்தால் ஹோட்டல் சாப்பாட்டு அறை பூட்டிக் கிடந்தது.

"ஏழுக்குத் தொறக்கும்னு போட்டிருக்கான், இன்னும் தூங்குறான் பாரு," என்றாள் ஹிதாயா. கதவைத் தட்டு தட்டென்று தட்டினாள்.

"நம்ம சூப்பர்வைசர இங்க அனுப்பணும் லா," என்றாள் பவானேஸ்வரி.

அப்புறம் ஊர் சுற்றினார்கள். டுக்டுக் வண்டிக்காரன் வளைவில் ஒடித்துத் திருப்பினான், மூவரும் அலறினார்கள், இறங்கியதும் அதே வண்டியில் இன்னொரு சுற்றுப் போனார்கள். ஹிதாயாவுக்கு ஹலால் கடை தேடி மூன்று தெரு நடந்தார்கள். பவானேஸ்வரி ஒரே மாதிரி மூன்று ஓலைத் தொப்பி வாங்கினாள்.

"அக்கா, இதப் போட்டா நீங்க பெரிய எடத்து டத்தின் அம்மா மாதிரியே இருக்கீங்க."

"டத்தினுக்குக் கால் வலிக்குது. மசாஜ் கடைக்கு வாங்கடி."

"இந்த ஒரு கடை மட்டும்க்கா."

ஒரு கடை ஐந்தானது. தேவமலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கம்பெனி நீண்டகாலச் சேவைக்குக் கொடுத்தது. நாலரை. பஸ் ஐந்துக்கு. மசாஜுக்கு ஒரு மணி நேரம் வேண்டும்.

"சரியா அஞ்சு. யாருக்கும் நிக்க மாட்டேன்," என்று டூர்க்காரர் காந்தன் சொல்லியிருந்தார். ஒரு நிமிடம் பிந்தினால் சம்பளப் படியை வெட்டும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

"விடுங்க. காலு எங்க ஓடிப் போவுது," என்றாள் தேவமலர். அவள் முகத்தைப் பார்க்காமல் மற்ற இருவரும் ஓடினார்கள். தொப்பிகளைப் பிடித்துக்கொண்டு, பைகள் முட்டியில் இடிக்க.

பஸ் பூட்டியிருந்தது. காந்தன் நிழலில் மீ நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

"என்னங்கக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"அதுக்குள்ளயா? அஞ்சாவப் போவுது!"

"நாலே ஆவல. இங்க நம்ம ஊர விட ஒரு மணி நேரம் பின்னாடி. எல்லையில மைக்குல கத்துனேனே. மூணு பேரும் கொறட்ட."

ஹிதாயா ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அலாமாக்! அப்ப நான் கதவத் தட்டுனது ஆறு மணிக்கா?"

பவானேஸ்வரி சிரித்துச் சிரித்து பஸ் டயரில் சாய்ந்தாள். திரும்பிப் பார்த்தால் தேவமலரைக் காணோம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்க மசாஜ் கடைக்குள் நுழைந்துகொண்டிருந்தாள். இருவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

மசாஜ்காரம்மா வெந்நீர் ஊற்றி, கல்லாய் இறுகிய குதிகாலைத் தடவினாள். விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஏய், அது என்ன காட்சிப் பொருளா? ஐயோ, கூசுதுடி!" தேவமலர் உதைத்ததில் பேசின் கவிழ்ந்தது. மசாஜ்காரம்மா மடியெல்லாம் தண்ணீர். அவளும் சிரித்தாள்; கடையே சிரித்தது. புதுத் தண்ணீர் வந்தது. கட்டைவிரல் உள்ளங்காலில் இறங்கியது.

பஸ் ஹாரன் கேட்டு தேவமலர் கண் விழித்தாள்.

"ஆரம்பிக்கலாம்னு சொல்லுடி."

"முடிஞ்சிருச்சுக்கா," என்றாள் பவானேஸ்வரி.

"எது?"

"ஒரு மணி நேரமும். மூணாவது நிமிஷமே தூங்கிட்டீங்க."

"ஏன்டி எழுப்பல, பாவி!"

"எழுப்புனோம். 'நைட் ஷிஃப்டு, விடுங்க'ன்னீங்க."

பஸ்ஸில் ஹிதாயா தன் போனை நீட்டினாள். முழுக்கப் படம் பிடித்திருந்தாள். தேவமலர் தன் கால்களைப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக இழுத்து, அமுக்கி, துண்டில் சுற்றி வைக்கிறார்கள், ஏதோ விலையுயர்ந்த சாமான் மாதிரி.

"வாயத் தொறந்து கெடக்கேனே."

"ஆமா, ஈ போச்சு, ஈ வந்துச்சு."

எல்லையில் காந்தன் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் மணிய மாத்திக்குங்க!"

"எங்களுக்கு வேணாம் லா!" என்று கத்தினாள் பவானேஸ்வரி. பஸ்ஸே சிரித்தது.

தேவமலருக்கு அது காதில் விழவில்லை. நாலாவது தடவையாகப் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் பெருவிரலை இழுக்கும்போதெல்லாம் அவள் தன் பெருவிரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டாள்.