ஈவ்லின் சொன்ன சாட்சி

ஜெரூஷாவின் வீட்டுக்குள் ஒரு பொருள் நுழைவதென்றால் மீனம்பாக்கம் விமான நிலையத்தை விடக் கெடுபிடி அதிகம். சோப்பு, ஷாம்பு, வாசனைப் பவுடர், கொசுவர்த்திச் சுருள், பிளாஸ்டிக் டப்பா எதற்கும் அனுமதி கிடையாது. தலைக்குச் சீயக்காய், துணிக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர், பல்லுக்கு வேப்பம்பட்டைப் பொடி, சமையலுக்கு மரச்செக்கு எண்ணெய். இரும்புலியூர் கொசுக்களுக்கு விஷயம் தெரிந்து, தெருவில் மற்ற வீடுகளையெல்லாம் விட்டுவிட்டு இங்கே குடும்பத்தோடு குடியேறியிருந்தன. மாநகராட்சிக்காரர்கள் கொசுமருந்து அடிக்க வந்தால், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடிச் சாத்துவாள். இதில் வேடிக்கை, அவள் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் டீச்சர்.

கணவன் மெர்வினுக்கு மறைமலை நகரில், கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் பெயின்ட் அடிக்கும் பிரிவில் வேலை. சாயங்காலம் வந்ததும் யூனிஃபார்மைக் கொல்லைப்புறத்தில் கழற்றிப் போட்டு, அங்கேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். மார்கழிக் குளிரிலும் அதே சட்டம்தான். பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுக்க வருகிறவர்கள் அவன் நடுங்குவதைப் பார்த்து நலம் விசாரிப்பார்கள். அவனும் பல் கிடுகிடுக்கப் பதில் சொல்வான். இத்தனைக்கும் ஜெரூஷாவை எதிர்த்து அவன் வாயைத் திறக்காததற்குக் காரணம் உண்டு.

கல்யாணமாகிப் பத்து வருடம். பிள்ளை இல்லை. அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் முதலில் "விசேஷம் ஏதாவது?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், கேட்டுக் கேட்டுச் சலித்து, இப்போது "ஜெபத்துல வெச்சிருக்கோம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்டபோது வந்ததை விட ஜெரூஷாவுக்கு இதில்தான் எரிச்சல் அதிகம். ரசாயனத்தை வீட்டை விட்டு விரட்டினால் உடம்பு தானாகச் சரியாகிவிடும் என்று எங்கோ படித்தாள். நம்பினாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, அவளுக்கு முப்பத்தாறு வயது நடந்தபோது, ஒரு பெண் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் பேசினார். கருமுட்டை இருப்பு வயதுக்கு மீறிக் குறைந்துகொண்டு வருகிறது, டெஸ்ட் டியூப் முறைக்குப் போவதானால் ஆறு மாதத்துக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் நான் தைரியம் சொல்ல மாட்டேன் என்றார். சீயக்காயும் செக்கெண்ணெயும் நல்லதுதான், ஆனால் போன முட்டையை அது திருப்பிக் கொண்டுவராது என்றும் சொன்னார். மெர்வின் அங்கேயே நாள் குறித்து வாங்கிவிட்டான். தினமும் வயிற்றில் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் ஒரு சொட்டு ஷாம்புவை விடாதவள், உடம்புக்குள் அதை எப்படி விடுவாள்? ஆனாலும் பிள்ளை ஆசை பெரிது. சரியென்று தலையை ஆட்டினாள்.

குறித்த நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்தான், கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல ஈவ்லின் எழுந்தாள். ஜெரூஷாவோடு பாடகர் குழுவில் பாடுகிறவள், நாலு வயது இளையவள், அவளும் ஆறு வருடமாகப் பிள்ளைக்காக ஏங்கியவள். ஜெரூஷாவிடம் சீயக்காய்ப் பொடியும் கருப்புக்கவுனி அரிசியும் வாங்கிப் போய்க்கொண்டிருந்தவள். அன்று ஏழு மாத வயிற்றோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊசி இல்ல, மாத்திரை இல்ல. ஜெரூஷா அக்கா சொன்ன மாதிரி வீட்டை மாத்தினேன், சாப்பாட்டை மாத்தினேன். கர்த்தர் கிருபை செஞ்சார்" என்றாள்.

சபை முழுக்க ஸ்தோத்திரம் சொன்னது. முதல் வரிசையில் ஈவ்லினின் மாமியார் ரத்தினபாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெரூஷாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒரே ஒரு தடவை செய்து பார்த்த சோதனையை வைத்து முடிவு எழுதும் பிள்ளைகளின் ரெக்கார்ட் நோட்டில் சிவப்பு மையால் கோடு கிழிக்கிறவள் அவள். அந்தக் கெட்டிக்காரத்தனம் அன்றைக்கு எங்கே போனதோ தெரியவில்லை. சபையில் யாராவது சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார்களா? மறுநாளே டாக்டரிடம் வாங்கிய நாளை ரத்து செய்தாள். மெர்வின் கெஞ்சிப் பார்த்தான். இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்றாள். அந்த ஒரு வருடம் இரண்டாயிற்று.

ஈவ்லின் சொன்ன சாட்சி சும்மா இருக்கவில்லை. ஜெரூஷா நடத்திவந்த 'இயற்கை இல்லம்' என்ற வாட்ஸ்அப் குழுவில் அதுவரை பன்னிரண்டு பெண்கள்தான் இருந்தார்கள். அது நூற்று நாற்பதாகப் பெருத்தது. பாதிப் பேர் பிள்ளைக்காக வந்தவர்கள். குழுவில் ஆஸ்பத்திரிப் பேச்சு கூடாது, பயம்தான் பரவும் என்று ஜெரூஷா ஒரு விதியும் போட்டாள். மறைமலை நகரிலிருந்து நிஷா என்றொரு பெண், டாக்டர் எனக்கும் கெடு வைத்திருக்கிறார், என்ன செய்யட்டும் என்று தனியாகக் கேட்டபோது, ஈவ்லின் கதையைச் சொல்லி, ஆறு மாதம் பொறுத்துப் பார் என்றாள்.

சொன்னபடி ஆறு மாதம் முடிந்தது. சனிக்கிழமை நிஷாவிடமிருந்து செய்தி வந்தது. டாக்டர் திட்டுகிறார், இன்னும் காத்திருக்கட்டுமா என்று கேட்டிருந்தாள். ஈவ்லினே வாயால் சொன்னால் அந்தப் பெண்ணுக்குத் தெம்பு வரும் என்று நினைத்த ஜெரூஷா, மறுநாள் ஆராதனை முடிந்து சாப்பிட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கீழ்க்கட்டளைக்குப் போனாள்.

ஈவ்லின் வீட்டில் ரத்தினபாய் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தை ஒரு டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. காய்ந்த துணியை மடித்தபடியே நிஷாவின் கதையைக் கேட்டாள் ஈவ்லின். நிஷாவுக்கு முப்பத்து நாலு, கெடு முடிந்துவிட்டது என்றதும் அவள் கை நின்றது. எழுந்து போய் மாமியார் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்தப் பொண்ண வெயிட் பண்ணச் சொல்லாதீங்கக்கா."

ஜெரூஷாவுக்குப் புரியவில்லை. ஈவ்லின் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். இங்கே யார் கண்ணிலாவது படுமென்று நகரத்தின் அந்தக் கோடிக்குப் போய் வைத்தியம் பார்த்தார்களாம். இரண்டு தடவை தங்கவில்லை, மூன்றாவது தடவைதான் தங்கியதாம். ஊசியில் வந்த பிள்ளை என்று சபையில் பேசுவார்கள், வெளியே மூச்சு விடக்கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"உங்க அரிசியும் சீயக்காயும் யூஸ் பண்ணது நிஜம்தான்க்கா. கூடவே ஊசியும் போட்டேன்" என்றாள் ஈவ்லின்.

"நான் டாக்டரை கேன்சல் பண்ணது உனக்கு எப்போ தெரியும்?"

"அந்த வாரமே தெரியும். கொயர் பிராக்டீஸ்ல நீங்கதான் என்னைக் கட்டிப்பிடிச்சு சொன்னீங்க."

ஜெரூஷாவுக்கு அந்த நாள் ஞாபகம் இருந்தது. இவளைக் கட்டிப்பிடித்து அழுதது கூட ஞாபகம் இருந்தது.

"அப்போ ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன ஈவ்லின்?"

"ஒவ்வொரு வாரமும் சொல்லணும்னுதான் வருவேன். நீங்க அவ்ளோ நம்பிக்கையா இருந்தீங்கக்கா. வாய் வரல."

முன்பின் தெரியாத நிஷாவுக்காகத் திறந்த வாய், பக்கத்தில் நின்று பாடுகிறவளுக்காக இரண்டு வருடம் திறக்கவில்லை.  "என் ரெண்டு வருஷத்தை யாருடி திருப்பித் தருவா?" என்று கேட்டாள் ஜெரூஷா. ஈவ்லின் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா அழுவதைப் பார்த்துக் குழந்தையும் அலறியது. ஈவ்லின் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஜெரூஷாதான் அதைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்ட வேண்டியதாயிற்று. குழந்தை மேல் கடைப் பவுடர் வாசனை கமகமத்தது.

திரும்பும் வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து இருபத்தாறு மாதவிலக்கு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் நாலு நாள் நம்பிக்கை, பின்னால் நாலு நாள் அழுகை. ரத்தினபாய் மேல் கோபம், ஈவ்லின் மேல் கோபம், ஆராயாமல் ஸ்தோத்திரம் சொன்ன சபை மேல் கோபம். பல்லாவரம் சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோக்காரர் மேலும் கோபம். அவர் பாவம், ஒன்றும் செய்யவில்லை. தன் மேல்தான் எல்லாவற்றையும் விடப் பெரிய கோபம் என்பது, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது தெரிந்தது.

மெர்வின் கொசு பேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் பேட்டைக் கீழே வைத்தான். 

"நான் அப்பவே சொன்னேன்னு சொல்லுங்களேன்" என்று கத்தினாள்.

"சொல்லி என்ன ஆகப்போகுது ஜெரூ? நாளைக்கு லீவு போடறேன். டாக்டரைப் பார்ப்போம்."

சண்டை போட்டிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். இந்த நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு சண்டையும் போட முடியவில்லை. டாக்டர் இப்போது என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வயது, இரண்டு வருடத்துக்கு முன்பே குறைந்த இருப்பு. நினைத்தாலே பயமாக இருந்தது.

ஆனால் நிஷாவை முதலில் கூப்பிட்டாக வேண்டும். கூப்பிட்டாள். காத்திருக்காதே, நாளைக்கே டாக்டரிடம் போ என்றாள்.

"நீங்கதானேக்கா ஆறு மாசம் பாருன்னீங்க?" என்றாள் நிஷா.

ஈவ்லின் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நிஷாவிடம் காத்திருக்கச் சொன்னது ஈவ்லின் இல்லை.

"நான் சொன்னது தப்பு நிஷா. எனக்கே தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

 "ஆறு மாசம் போச்சேக்கா" என்றாள் நிஷா. குரல் உடைந்திருந்தது. அப்புறம் போனை வைத்துவிட்டாள். மத்தியானம் ஈவ்லினிடம் தான் கேட்ட கேள்வி, சாயங்காலத்துக்குள் தன்னிடமே வந்து சேர்ந்துவிட்டது என்று நினைத்தாள் ஜெரூஷா.

குழுவைத் திறந்தாள். ஆஸ்பத்திரிப் பேச்சு கூடாது என்ற விதியை நீக்கினாள். பிறகு எழுதினாள்: "எனக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று வருடமாக இப்படித்தான் வாழ்கிறேன். பிள்ளை இல்லை. டாக்டர் கெடு வைத்திருந்தால் யாரும் தள்ளிப்போடாதீர்கள். காத்திருக்கலாம் என்று நான் சொன்னது தவறு. நானும் தள்ளிப்போட்டவள்தான்."

முதலில் ஒரு பெண் படிக்காமலேயே ஆமென் என்று போட்டுக் கும்பிடும் கையை அனுப்பினாள். அடுத்தவள், அக்கா இந்த வாரம் நல்லெண்ணெய் வருமா என்று கேட்டாள். ஜெரூஷாவுக்குப் போனைச் சுவரில் எறியலாம் போல வந்தது.

மூன்றாவது செய்தி காமு என்ற பெண்ணிடமிருந்து. குழுவில் சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காதவள். நிஷாவைப் போலத் தனியாக எதுவும் கேட்டதுமில்லை.

"மேடம், நீங்க போடுறதெல்லாம் படிச்சிட்டு ஒன்றரை வருஷமா டாக்டர்கிட்ட போகல. எனக்கு நாற்பத்தொண்ணு ஆகுது. இப்ப போனா பிள்ளை கிடைக்குமா?"

மெர்வின் பின்னால் வந்து நின்று அதைப் படித்தான். ஜெரூஷா 'கிடைக்கும்' என்று எழுதினாள், அழித்தாள். மறுபடியும் அதையே எழுதினாள், மறுபடியும் அழித்தாள். பிறகு, "தெரியாதும்மா. நாளைக்கே போய்க் கேளுங்க" என்று எழுதி அனுப்பினாள்.