ஒண்ணுமில்லன்னு கத்திக்கினே ஓடு

எங்கள் குப்பத்தில் "பொண்ணு நல்லா பூசினாப்ல கீது" என்றால் அது பாராட்டு. காசிமேட்டில் மீன் விற்கும் என் அம்மா குப்பம்மா, என் கன்னத்தைக் கிள்ளிக் காட்டித்தான் எங்கள் வீட்டு மானத்தையே நிலைநாட்டுவாள். ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கு வந்த டாக்டரம்மா மட்டும் எடை மெஷினைப் பார்த்து முகம் சுளித்தார். "தினமும் ஓடும்மா. இப்படியே போனா சின்ன வயசுலயே சுகர் வந்துடும்" என்றார். பி.டி. மிஸ் பக்கத்திலேயே நின்றிருந்தார். "வினிதா, உனக்குக் கை நல்லா இருக்கு, மூச்சுதான் இல்ல. ஓடிப் பழகிட்டு வா, த்ரோபால் டீம்ல சேர்த்துக்கிறேன்."

எனக்கு அந்த டீமில் சேர வேண்டும். அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன். ஆனால் ஒரே உடம்பு வீட்டில் பெருமை, பள்ளியில் வியாதி என்றால் நான் யாரை நம்புவது? குழம்பிக்கொண்டேதான் மறுநாள் விடிந்ததும் கடற்கரைப் பக்கம் ஓடினேன்.

குப்பத்தில் யாரும் சும்மா ஓடுவதில்லை என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. கடலைப் பார்த்து ஒருத்தி ஓடினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குழாயடியில் நின்ற தேசம்மா அக்கா குடத்தைப் போட்டுவிட்டு, "எந்த லாஞ்சிடி கவுந்துச்சு?" என்று அலறினாள். எனக்கு அது காதில் சரியாக விழவில்லை. திரும்பினால் தெருவே பின்னால் வருகிறது. ஐயோ, என்னவோ ஆகிவிட்டது என்று நான் இன்னும் வேகமெடுத்தேன். என்னைப் பார்த்து அவர்கள், அவர்களைப் பார்த்து நான். கரைக்குப் போனால் கடல் அது பாட்டுக்குக் கிடந்தது.

அம்மா மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். மீன்பிடிக்க லாஞ்சிப் படகில் போன அப்பா இன்னும் திரும்பவில்லை.

"நைனாவுக்கு இன்னாடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. ஒடம்ப கொறைக்க ஓடிக்கினு கீறேன்."

பளாரென்று விழுந்தது. "வயித்துல புளிய கரைச்சிட்டியேடி பாவி! இனிமே ஓடுன, கால ஒடைப்பேன்!"

அன்று முழுக்க நான் சோற்றைத் தொடவில்லை. அம்மாவால் எதையும் தாங்க முடியும், நான் பட்டினி கிடப்பதைத் தவிர. ராத்திரிக்குள் இறங்கி வந்தாள். "சரி, ஓடித் தொல. ஆனா ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு கத்திக்கினே ஓடு."

அப்படியே ஓடினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பையன்கள் எனக்கு "ஒண்ணுமில்ல" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் கத்திக் கத்தியே எனக்கு மூச்சு கூடியது. ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். வாசலில் பெண்கள் கூட்டம். "இன்னாமே, உன் பொண்ணு இன்னிக்கு ஏன் சொல்லல?" என்று தேசம்மா அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசியில் டீமில் சேர்த்துக்கொண்டார்கள். நாளையிலிருந்து காலையில் பள்ளி கிரவுண்டில்தான் பயிற்சி என்றார் மிஸ். சந்தோஷம் தாங்காமல் வந்து அம்மாவிடம் சொன்னேன்.

மீன்கூடையை இறக்கிவைத்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"நைனா கடல்ல கீறப்ப, உன் கொரல கேட்டாதாண்டி எனுக்கு டீத்தண்ணியே எறங்குது," என்றாள். "நீ அங்க போய் ஓடுனா, இங்க ஒண்ணுமில்லன்னு யாருடி சொல்லுவாங்க?"