மகள் விட்ட நோன்பு

தாகத்தைவிடப் பெருவிரல்தான் அதிகம் வலித்தது. சின்ன வெங்காயத்தின் சாறு நகத்துக்கு அடியில் இறங்கி, ஏற்கெனவே வெடித்திருந்த சதையை அரித்துக்கொண்டிருந்தது. சர்புன்னிசா கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரலை அண்டாத் தண்ணீரில் முக்கினாள். தோல் எளிதாகக் கழன்று வர வெங்காயத்தை ஊறப்போடும் தண்ணீர். காலையிலிருந்து இரண்டு கையும் அதில்தான் கிடந்தன. வாய்க்குள் ஒரு சொட்டு போகவில்லை.

பேகம்பூரில், பிரியாணிக் கடைக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகை. மே மாதத் தகரம். உரிக்கிற பெண்கள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் நாகஜோதி டீ டம்ளரை நீட்டினாள்.

"இந்தாக்கா."

"வேணாம்டி."

"நேத்தும் வேணாம், முந்தாநேத்தும் வேணாம். பெருநாள் முடிஞ்சு எம்புட்டு நாளாச்சு? நீ குடுத்த பிரியாணி எனக்குச் செரிச்சே போச்சு. நீ மட்டும் தனியா ஓவர்டைம் பாக்குறியாக்கும்?"

"மெதுவாப் பேசு."

"யாருக்குக் கேக்கப்போகுது? உன் உதட்டப் பாத்தியா, வெடிச்ச கம்மா மாதிரி கெடக்கு. மயங்கி அண்டாவுல விழுந்தா வெங்காயத்தோட சேத்து உன்னையும் தாளிச்சிருவாரு மாஸ்டர்."

சர்புன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் உதடு கிழியும் என்று அடக்கிக்கொண்டாள்.

"பர்ஹானாவுக்காகப் புடிக்கிறேன்" என்றாள். "இன்னைக்கோட முடியுது."

அதுவரை யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை.

பர்ஹானா அவளுடைய ஒரே பிள்ளை. பி.காம் கடைசி வருஷத்தில் கல்லூரிக்கு ஒரு பேங்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். உலகம் பூராவும் கிளை உள்ள பேங்க். நாலு பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாதம் வெளிநாட்டில் வேலைப் பயிற்சி என்றார்கள். படிப்பு முடிந்து, ஜனவரியில் பர்ஹானா போலந்து நாட்டு வார்சாவுக்குப் போனாள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பணம் போனால், அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் யோக்கியமானவர்களா என்று கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை. வேடசந்தூர் மில் தொழிலாளி மகள் தமிழ்மதியும் அவளும் ஒரே அறை.

போன ஒரு மாதத்தில் ரமலான் வந்தது. பர்ஹானா எட்டு நோன்பு பிடித்தாள். ஒன்பதாம் நாள் பயிற்சி வகுப்பில் கண் இருட்டிச் சரிந்துவிட்டாள்.

"எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்கம்மா. அசிங்கமாப் போச்சு" என்று போனில் அழுதாள். "பயணத்துல இருக்கவங்க விட்டுட்டுப் பெறகு புடிக்கலாம்லம்மா?"

"புடிக்கலாம். எப்பப் புடிப்ப?"

"ஜூன்ல வந்துருவேன்ல. வந்து உன்கூடவே புடிக்கிறேன்."

பக்கத்திலிருந்து தமிழ்மதி கத்தினாள்: "அத்தே, நான் ஒரு நாள் அவகூடச் சேந்து புடிச்சேன். மத்தியானம் மூணு மணிக்கு ரொட்டியத் திருடித் தின்னுட்டேன். எனக்குப் பாதி கணக்கு உண்டா?"

அன்றைக்குச் சர்புன்னிசா வயிறு குலுங்கச் சிரித்தாள். உன்கூடவே என்று மகள் சொன்னதைப் பல நாள் வைத்திருந்தாள். ஜூனில் ரெண்டு பேருமாக விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்து, ரெண்டு பேருமாகக் கஞ்சி காய்ச்சி நோன்பு திறப்பது என்று மனதுக்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

பெருநாள் கழிந்த பத்துப் பதினைந்து நாளில் பர்ஹானா கூப்பிட்டாள். நாலு பேரில் அவளை மட்டும் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்களாம். ரெண்டு வருஷம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் சர்புன்னிசா. வேறென்ன சொல்வது? பிறகு கேட்டாள்: "அப்ப அந்த நோன்பு?"

"அம்மா, நான் வேலை கெடச்சதச் சொல்றேன், நீ நோன்பக் கேக்குற. கோடைக்கு இங்க பொழுது ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் அடையும். எப்படிப் புடிக்க?"

மறுநாளே சர்புன்னிசா ஆரம்பித்துவிட்டாள். இது அவளுக்குப் புதிதில்லை. புருஷன் முனீர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை செய்தவர். கடைசி வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து விட்டுப்போன நோன்புகளை, அவர் போன பிறகு அவள்தான் பிடித்து முடித்தாள். புருஷனுக்குச் செய்ததை மகளுக்குச் செய்யக் கூடாதா? யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

ரமலானில் தெருவே விழித்திருக்கும். பள்ளிவாசலில் கூப்பிடுவார்கள், பக்கத்து வீட்டில் பாத்திரம் உருளும். இப்போது அவள் மட்டும் எழுந்தாள். லைட்டைப் போட்டால் யாராவது என்னவென்று கேட்பார்கள் என்று இருட்டிலேயே பழைய சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். சாயங்காலம் கடைக்குழாய்த் தண்ணீரில் நோன்பு திறந்துவிட்டு, மிச்ச வெங்காயத்தை உரித்தாள். வாரத்தில் நாலு நாள், சில வாரம் ஐந்து நாள். மகள் விட்ட இருபத்திரண்டும் இன்றோடு முடிகிறது.

நாகஜோதி டீயைத் தானே குடித்தாள்.

"எங்க ஆத்தா எனக்காக நேந்துக்கிட்டு கோட்ட மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்துச்சு. கையில கொப்பளம். எனக்கு அம்மை எறங்கிருச்சு. எங்க சாமி யாரு தூக்குனாலும் வாங்கிக்கும்க்கா. உங்கள்லயும் அப்படித்தானாக்கும்?"

"அப்படித்தான்."

சாயங்காலம் செத்த நேரம் முன்னாலேயே சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கடைசி நோன்பையாவது தனியாகத் திறக்க வேண்டாம் என்று இருந்தது. அவள் தெருவில் சின்னப் பெண்களுக்கு ஓதிக் கொடுக்கும் பாஸிலாவின் வீட்டுக்குப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு போனாள். பாஸிலா மதரசாவில் படித்து ஆலிமாப் பட்டம் வாங்கியவள். வயது முப்பதுதான்.

"வாங்க பெரிம்மா. என்ன, நோன்பா? மூஞ்சி சுண்டிப் போயிருக்கு."

"ஆமா. களா. விட்ட நோன்பு."

"நீங்க இந்த வருஷம் ஒண்ணும் விடலையே."

"எனக்கில்ல. பர்ஹானாவுக்கு. எல்லாத்தையும் முடிச்சுட்டேன். இன்னைக்கு கடைசி. நீ ஒரு துஆ செஞ்சுவிடு."

தட்டில் பழம் வைத்துக்கொண்டிருந்த பாஸிலாவின் கை நின்றது.

"யாரு பெரிம்மா சொன்னா இப்படிப் புடிக்கலாம்னு?"

"யாரு சொல்லணும்? அவுக அத்தாவுக்கும் நாந்தான புடிச்சேன்."

"அவரு மவுத்தாப் போனவரு. மவுத்தானவங்களுக்குத்தான் வாரிசு புடிக்கலாம்னு இருக்கு. பர்ஹானா உசுரோட நல்லா இருக்காளே. அவ கடன அவதான் புடிக்கணும். நீங்க புடிச்சா ஆகாது."

பொழுதடைந்து மஃரிப் பாங்கு சொன்னார்கள். சர்புன்னிசா பழத்தைக் கையில் எடுத்தவள் அப்படியே வைத்திருந்தாள்.

"தொறங்க பெரிம்மா. வீணாகாது. புடிச்ச நன்மை ஒங்களுக்கு வந்து சேரும்."

"எனக்கு எதுக்கு அது?"

பாஸிலா தண்ணீரை ஊற்றி நீட்டினாள். சர்புன்னிசா குடித்தாள். பழத்தைத் தின்றாள். பாஸிலா தொழுகைக்கு எழுந்ததும் வெளியே வந்துவிட்டாள்.

வீடு பூட்டியே கிடந்ததால் உள்ளே வெக்கையாக இருந்தது. லைட்டைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சித்திரை முழுக்க இருட்டில் எழுந்து, நாக்கு வறண்டு, அவள் மகளுக்குச் செய்தது செத்தவர்களுக்குச் செய்கிற காரியம். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. அந்த நினைப்பு வந்ததும் போனை எடுத்துக் கூப்பிட்டாள். அங்கே இன்னும் ஆபீஸ் நேரம் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னம்மா? வேலையில இருக்கேன். எதும் அவசரமா?"

"அவசரம் ஒண்ணும் இல்ல. நல்லாருக்கீல்ல?"

"ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"வெங்காயம். நீ நல்லாருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லு."

"நல்லாத்தாம்மா இருக்கேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "தமிழ்மதிக்கு அடுத்த மாசம் டிக்கெட் போட்டுட்டாங்க. பெறகு ரூம்ல நான் மட்டுந்தான். அவ இருந்தா வாய் ஓயாது, திட்டுவேன். இப்ப நெனச்சா பயமா இருக்கு."

சர்புன்னிசாவுக்கு வந்துவிடு என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வந்து என்ன செய்வாள்? அண்டாவுக்குப் பக்கத்தில் இன்னொரு சாக்கு விரிப்பதா?

"சாப்டியா?"

"ரொட்டி தின்னேன்."

"தொட்டுக்க வெஞ்சனம்?"

"அதெல்லாம் இங்க யாரும்மா வைக்கிறா?"

"பர்ஹானா, அந்த நோன்ப நான் புடிக்கலாமான்னு பாஸிலாகிட்டக் கேட்டேன். ஆகாதாம். நீதான் புடிக்கணுமாம்." பிடித்து முடித்ததை அவள் சொல்லவில்லை.

மறுமுனையில் யாரோ வேற்று மொழியில் பேசுவது கேட்டது. பர்ஹானா ஏதோ பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"குளிர்காலத்துல பாக்குறேம்மா. அப்ப பொழுது மூணரைக்கே அடைஞ்சிரும். ஆனா ஒத்தையில எந்திரிச்சு, ஒத்தையில தின்னு..."

"எந்திரிச்சதும் போன் போடு. இங்க விடிஞ்சிருக்கும். நான் வேலைக்குக் கெளம்பாம இருக்கேன். நீ தின்னு முடிக்கிற வரைக்கும் பேசிக்கிட்டு இருப்போம்."

"பாப்போம்மா. மேனேஜர் கூப்பிடுறாங்க. வைக்கிறேன்."

"சரி, வையி."

போன் கட்டாகிவிட்டது. சர்புன்னிசா பெருவிரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பாயை விரித்துப் படுத்தாள். நாளைக்கு நாகஜோதி நீட்டினால் டீ குடிக்கலாம். பர்ஹானாவின் கணக்கில் ஒன்றுகூடக் கழியவில்லை. அவளுக்கு இன்னும் இருபத்திரண்டு நோன்பு கடன்.